நீல மணிகள்

ஜூலை மழையில் மேகாலயத்தின் ஜோவாயிலிருந்து ஐதராபாத்துக்குப் பத்துச் சுருள் ஒலிநாடாக்களை அனுப்ப வேண்டியிருந்தது. ப்னார் மொழிக் கதைகள். வேறு படிகள் இல்லை. சொன்னவர்களுள் பலரும் இன்று இல்லை. காந்தத் துகள்களைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தால் சிதைந்தால், ஓட்டும்போதே நாடாவிலிருந்து ஒலி உரிந்துபோகும்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அட்டைப்பெட்டிக்குள் போட்டால் போதும் என்றார்கள். போதாது. அட்டை ஈரக்காற்றைத் தடுக்காது. அதுவே ஈரம் குடித்திருக்கும். மணிகள் மேகாலயத்தையே உலர்த்த முயன்று தோற்கும். எனவே ஈரமேறி இளஞ்சிவப்பான மணிகளை 120 பாகை செல்சியஸில் நீலமாகும்வரை சூடாக்கி, ஆறியபின் நாடாக்களோடு காற்றுப்புகாத உறையில் இட்டு மூடினோம். (அவை ஈரத்தை 'உறிஞ்சுகின்றன' என்பது பொருத்தமான சொல்லன்று, நீர் நுண்துளைச் சுவர்களில் ஒட்டியே நிற்கிறது. அதனால்தான் சூட்டில் விடுபடுகிறது.)

ஐதராபாத்தில் பிரித்தபோது மணிகள் நீலமாகவே இருந்தன. பல்லாண்டு மழை ஏற்கெனவே செய்ததை அவை திருத்தமாட்டா. நாடாக்களை இன்னும் ஓட்டவில்லை.