மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை

ஐப்பசி பிறந்தால் போதும், சென்னைப் பக்கத்து அம்மாக்களுக்கு வானத்தைப் பார்ப்பது என்று ஒரு புது வேலை சேர்ந்துவிடும்! காயாத துணி, ஸ்கூல் லீவா இல்லையா என்ற கேள்வி, ஈரச் செருப்பு, ஒழுகும் மூக்கு. இதற்கு நடுவில் "எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா" என்று பசங்க வேறு. "இந்த மழையிலா?" என்று அதட்டி உட்கார வைத்துவிடுகிறோம். அப்புறம் தை பிறக்கும் வரை அவர்களும் நாமும் நாலு சுவருக்குள்தான்.

எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. வருஷத்தில் நம் பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதே இந்த இரண்டு மாதம்தான். சித்திரையில் வெடித்துக் கிடந்த ஏரியில் தண்ணீர் அலையடிக்கும். புழுதி அடங்கியிருக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாலும் வியர்த்து வழியாது. மழையின் குணத்தை மட்டும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதி வாக்கில் தொடங்கும். சென்னையில் வருஷத்துக்குப் பெய்கிற சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் டிசம்பர் முடிவதற்குள் கொட்டிவிடும். ஆனால் தினமுமா பெய்கிறது? வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு மூன்று நாள் பிடித்துக்கொள்ளும். அது நகர்ந்ததும் சில நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும். அந்த இடைவெளிதான் நமக்கு.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். ஆடி, ஆவணியில் பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் இடியோடு கொட்டும். ஐப்பசி மழை அப்படியில்லை. கடலோர ஊர்களில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் பெரும்பாலும் வலுக்கும். ஆகவே, ஐந்து மணிக்கு ஓட்டில் சத்தம் கேட்டதும் "இன்னிக்குப் போன மாதிரிதான்" என்று போர்வையை இழுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது மணிக்கு இன்னொரு தடவை வெளியே வந்து பாருங்கள்.

செய்தியில் சொல்கிற கனமழை, மிக கனமழை எல்லாம் பேச்சுக்குச் சொல்வதல்ல, கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. சனிக்கிழமை ராத்திரி இதைக் கேட்டுவிட்டுத்தான் நான் புளி ஊற வைப்பேன். மஞ்சள் எச்சரிக்கை என்றால் கிண்டி சிறுவர் பூங்காவோடு சரி. ஆரஞ்சு, சிவப்பு என்றால் வீட்டிலேயே வெங்காய பஜ்ஜி! ஒன்றுமே இல்லையென்றால் எங்கள் ஓட்டு வேடந்தாங்கலுக்குத்தான்.

சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் பிரிய வேண்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். கார் ஜன்னலை இறக்கிவிட்டால் ஈர மண் வாசனை. "இந்த ரோட்டைப் பார்க்கவே வரலாம்" என்பார் என் மாமியார். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவர்.

மற்ற இடங்களுக்கு மழை இடைஞ்சல் என்றால், இந்த ஊருக்கு மழைதான் எல்லாம். ஏரி நிரம்பி, மரங்களின் அடியில் தண்ணீர் நின்றால்தான் பறவைகள் நம்பிக் கூடு கட்டும். மழை பொய்த்த வருஷம் போனால் வெறும் மரத்தைத்தான் பார்க்கலாம். அதனால் கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரித்துவிடுங்கள்.

கரை மேல் நிழலில் நடந்துகொண்டே பார்க்கலாம். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை வெள்ளையும் கறுப்புமாய்க் குடித்தனம்! நத்தை குத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். "அம்மா, அதுக்கு வாய் மூட வரலை" என்று என் சின்னவள் ஒரே சிரிப்பு. கரண்டிவாயனைக் காட்டினதும், "நம்ம வீட்டு சாதக் கரண்டியேதான்" என்றார் அத்தை. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று பலர் நினைக்கிறோம். கூடு கட்டுபவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்தான். வடக்கேயிருந்து குளிருக்கு ஒதுங்கும் வாத்துகள் இங்கே முட்டையிடுவதில்லை, குளிர் விட்டதும் திரும்பிப் போய்விடும்.

வாடை கொஞ்சம் அடிக்கும், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தனை பறவைகளின் எச்சமும் தண்ணீரில்தானே விழுகிறது! ஆனால் அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது, உரமாக. ஊர்க்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளை யாரும் சுடக்கூடாதென்று அப்போதைய ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. இவ்வளவு காலம் ஊரே அடக்கி வாசித்துக் காப்பாற்றிய இடத்தில் நம் பசங்க "ஹோ"வென்று கத்தினால் நன்றாயிருக்குமா? வண்டியிலேயே சொல்லி வைத்துவிடுவேன். பளபளக்கிற, அடிக்கிற நிறத்தில் சட்டையும் போடுவதில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேருவது உத்தமம். நாலு மணிக்கு மேல் இரை தேடப் போன கூட்டம் திரும்பும். வானத்தில் கோடு கோடாக வந்து இறங்குவதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போவது. நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும், ஆறு மணிக்கு வாசல் மூடிவிடும்.

கட்டுச்சோறு விஷயத்தில் மழைக்காலம் நமக்கு அனுகூலம். புளியோதரை தாராளமாகத் தாங்கும். தயிர் சாதத்துக்குப் பால் நிறைய ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் சாயங்காலம் வரை புளிக்காது. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், சட்டென்று கெட்டுவிடும். காய்ச்சி ஆறின தண்ணீர், ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, உட்கார பிளாஸ்டிக் விரிப்பு. குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை அவசியம். டெங்கு பரப்புகிற கொசு பகலில்தான் கடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கறார். மழை நின்ற மறுநாள் "ஏரி நிரம்பியிருக்கு, கலங்கல் பாயறதைப் பார்த்துட்டு வரலாம்" என்று குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் உண்டு. என் கணவருக்கும் அந்த ஆசை வரும், நான் விடுவதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்றில் ஒரே ராத்திரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் கீழே பள்ளம் தெரியாது, வண்டியைத் திருப்பிவிட வேண்டும். மாமல்லபுரம் போனால் மழையில் கழுவிவிட்ட சிற்பங்களைக் கண் நிறையப் பாருங்கள். கடலில் காலை நனைப்பதை மாசிக்கு வைத்துக்கொள்ளலாம், இந்த மாதங்களில் அலை நம் பேச்சைக் கேட்காது.

வேடந்தாங்கலில் நவம்பரில் போனால் குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதைப் பார்க்கலாம். ஜனவரியில் குஞ்சுகளுக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம். பொங்கல் லீவில் எந்த நாள் என்று அத்தை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.