முடிச்சை முதலில் சொல்லுதல்

அமெரிக்க மாணவர் விசாவுக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு திருச்சியில் இருபது வருஷங்களைக் கழித்துவிட்ட எனக்கு, சிக்கலில்லாத விண்ணப்பங்கள் நினைவில் தங்குவதில்லை. தகப்பனாரின் சம்பளச் சீட்டும், தடையில்லாத மதிப்பெண் பட்டியலும், பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவமும் கையிலிருக்கும் மாணவருக்கு என் உதவி அவ்வளவாகத் தேவையுமில்லை. என் மனத்தில் நிற்பவர்கள் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து தாயாருடன் வந்த அந்தப் பையனைப் போன்றவர்கள்தாம்.

அவர்கள் கொண்டுவந்த மஞ்சள் பையில் பாட்டனார் பெயரிலேயே நின்றுவிட்ட பட்டா, தகப்பனாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கல்விக் கடனுக்கு வங்கி கொடுத்த அனுமதிக் கடிதம், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்த நிலையில், 2023-இல் விசா மறுக்கப்பட்டபோது தூதரகத்தில் கொடுத்த தாள் ஆகியவை இருந்தன. நான்கு வருஷப் பொறியியல் படிப்பை அரியர் வைத்து ஆறு வருஷத்தில் முடித்திருந்தான். அதைவிடக் கொடிய விஷயம், முதல் தடவை படிவத்தைப் பூர்த்தி செய்த ஏஜென்டு, 2021-லேயே காலமாகிவிட்ட தகப்பனாரைச் செலவை ஏற்பவராகக் காட்டி, அவருக்கு ஒரு வியாபாரத்தையும் கற்பித்திருந்ததுதான். அது இந்தப் பையனுக்கே தெரியாது. ஜன்னலுக்கு அப்பாலிருந்த அதிகாரி, "தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று கேட்டபோது, "அவர் இல்லை" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

அமெரிக்காவின் 1952-ஆம் வருஷத்துக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிடும் எண்ணமுடையவர் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. அந்த அனுமானத்தைக் கலைக்கும் பொறுப்பு மாணவருடையது. அதற்கு நேர்காணலில் கிடைப்பதோ சில நிமிஷங்கள். ஆகையால் தாள்களைப் பெருக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. வறுமையும் அரியரும் பழைய மறுப்பும் தம்மளவில் ஒரு விண்ணப்பத்தை அழிப்பதில்லை. ஒரு தாள் சொல்வதை இன்னொரு தாள் மறுப்பதே அழிக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். வட்டிக்குப் பணம் புரட்டிச் சில வாரங்களுக்கு வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டலாம் என்று யோசனை சொல்பவர்களை நான் மன்னிப்பதே இல்லை. தெரிந்தே பொய் சொன்னதாக அதிகாரி தீர்மானித்துவிட்டால், அந்தக் கதவு ஆயுள் முழுவதும் அடைபட்டுப் போகக்கூடும்.

விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் இரண்டு கேள்விகளை நான் மிகவும் மதிக்கிறேன். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்பது ஒன்று. இதைப் பூர்த்தி செய்ய யாராவது உதவினார்களா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்று எழுதி, பழைய படிவத்திலிருந்த பிழையையும் அது நேர்ந்த விதத்தையும் இரண்டே வரிகளில் சொன்னோம். இரண்டாவதில் என் பெயரை எழுதச் செய்தேன். செலவுக்குக் கல்விக் கடனையும், அரிசி மில் வைத்திருக்கும் தாய்மாமனின் வருமான வரிக் கணக்கையும் காட்டினோம். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லையாதலால், நிலத்துக்குத் தாசில்தாரின் வருமானச் சான்றே ஆதாரமாயிற்று. கடைசிப் பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னேன்.

எஞ்சியது அந்த ஆறு வருஷக் கணக்கு. இங்கிலீஷில் கேட்டால் மனப்பாடம் ஒப்பிப்பான் என்று அஞ்சி, "தம்பி, முதலில் தமிழில் சொல்லு" என்றேன். தகப்பனாருக்குச் சிறுநீரகம் பழுதானதையும், வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனதையும் தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தவன், 2019 ஏப்ரல் பரீட்சைக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

"அந்தப் பரீட்சை அன்னிக்குத்தான் சார் அவருக்கு மூச்சு முட்டிப்போச்சு. இவன் ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பையிலே வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரியிலே நின்னான்" என்றார் தாயார்.

அவனுக்காக நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்க விளக்கத்தை ஒதுக்கிவிட்டு, மஞ்சள் பையைத் திரும்பவும் திறந்து, கசங்கிப்போன ஹால் டிக்கெட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே தேதி இருந்தது.