பெயர் ஒன்று, ஆட்டம் பல

கொல்லிமலையில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. ஒரு நாள் மாணவர்களை விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களைக் கடந்து நாள்தோறும் நடந்து வரும் மாணவன் ஒருவன், "அமெரிக்கர் கால்பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர்" என எழுதியிருந்தான். அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். "கையில் ஏந்தினால் அது கால்பந்து ஆகுமா?" என்று வகுப்பில் உரக்கக் கேட்டேன். எல்லோரும் நகைத்தனர். அவன் தலை கவிழ்ந்தான்.

சின்னாள் கழித்து, விளையாட்டு வரலாறு கூறும் நூலொன்றைப் படிக்க நேர்ந்தது. பிழை என்னுடையதே எனத் தெளிந்தேன்.

முற்காலத்து இங்கிலாந்தில், திருநாட்களில் ஊரார் இரு திறத்தினராய்ப் பிரிந்து, பந்தை உதைத்தும் ஏந்தியும் ஆடினர். அவ்வாட்டத்திற்குப் 'புட்பால்' என்று பெயர். பின்னர்ப் பள்ளிதோறும் விதிகள் வேறுபட்டன. 1863-ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள கழகங்கள் சில கூடிச் சங்கம் ஒன்று அமைத்தன. பந்தை ஏந்தி ஓடுதல் கூடாதென அச்சங்கம் விதித்தது. உடன்படாதார் விலகினர்; அவ்வழி நின்றோர் 1871-இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். அவர்தம் ஆட்டம் ரக்பி என்னும் ஊர்ப் பள்ளியின் வழக்கைத் தழுவியதாகலின், அவ்வூர்ப் பெயரே ஆட்டத்திற்கும் ஆகி வந்தது. இஃது இடவாகுபெயர் போன்றதன்றோ? சங்கத்தைக் குறிக்கும் 'அசோசியேஷன்' என்னும் சொல்லின் இடைப்பகுதியை எடுத்து, விகுதி சேர்த்து, மற்றைய ஆட்டத்தைச் 'சாக்கர்' என்றனர். கோயம்புத்தூர் கோவையானாற் போன்ற மரூஉ அது.

ரக்பியைத் திருத்தி அமெரிக்கர் தம் ஆட்டத்தை அமைத்துக்கொண்டனர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தார் 1859-இலேயே தமக்கென விதி வகுத்திருந்தனர். இவையனைத்திற்கும் புட்பால் என்னும் பெயர் உண்டு.

'பறவை' பொதுப்பெயர், 'மரங்கொத்தி' சிறப்புப்பெயர். புட்பால் என்பதும் ஒரு குடும்பத்தின் பொதுப்பெயரே. ஆண்டுதோறும் இவ்விலக்கணத்தைக் கற்பித்த நானே, பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராகக் கொண்டு மயங்கினேன். நம் சடுகுடுவை ஒத்த ஆட்டத்தை வங்காளத்தார் ஹாடுடு என்பர். மராட்டியர் ஹுதுதூ என்பர். அவருள் ஒருவர் நம் பெயரைக் கேட்டு நகைத்தால் நாம் வருந்தமாட்டோமா?

மறுநாள் வகுப்பில் எல்லோரும் கேட்க, "பிழை என்னுடையது" என்று கூறி, நான் அடித்த வரிக்கு உரிய மதிப்பெண்ணை வழங்கினேன். "இச்செய்தியை நீ எவ்வாறு அறிந்தாய்?" என்று வினவினேன்.

"அப்பா நாமக்கல்லிலிருந்து உப்புப் பொட்டலம் வாங்கி வந்தார், ஐயா. அதைச் சுற்றியிருந்த தாளில் படம் இருந்தது" என்றான் அவன்.

இவ்வினாவை நான் முதல் நாளே கேட்டிருக்கலாம். மாணவர்களே! பிறர் கூற்றுப் புதிதாகத் தோன்றின், நகைக்குமுன் வினவுங்கள்.