பொருநை கடல் சேரும் ஊரிலே

பொதிகையிற் பிறந்து, நெல்லைச் சீமையின் வயல்களை வாழ்வித்து வரும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து, புன்னைக்காயலில் கடலன்னையின் மடியிற் சேருகின்றது.

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றிய சேசு சபைக் குருவானவர் அண்டிரிக் அடிகளார், அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இவ்வூரில் ஏழை நோயாளருக்கென ஒரு மருத்துவமனை நிறுவினார். முத்துக்குளித்துறை மக்களின் காணிக்கையே அதனைத் தாங்கிற்று. ஒருவன் பிணியை ஊரே சுமந்தது!

இக்கடற்கரையின் பிள்ளைகள் பலர் இன்று கப்பற்பணியில் உள்ளனர். நடுக்கடலில் நோய் கண்டால் அவர்களைக் காப்பவர் யார்? 2006-ஆம் ஆண்டின் கடற்பணியாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அதன்படி பணியாளருக்குக் கப்பலில் மருத்துவம் இலவசம். நூறு பேரோ அதற்கு மேலோ ஏறி, மூன்று நாளுக்கு மேல் பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பலில் மருத்துவர் இருத்தல் வேண்டும். மற்றக் கப்பல்களில் பயிற்சி பெற்ற பணியாளரும், மருந்துப் பெட்டியும், வானொலி வழியே கிடைக்கும் மருத்துவர் ஆலோசனையுமே துணை.

உல்லாசக் கப்பலில் செல்லும் பயணியின் நிலை வேறு. மருத்துவர் உண்டு, ஆனால் பார்ப்பதற்கும் மருந்துக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. உயிர்காக்கும் முதற்சிகிச்சை கிடைக்கும். பெரிய அறுவைச் சிகிச்சைக்குக் கரைதான் சேர வேண்டும். அச்செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடலாம். ஆகவே கப்பலேறுமுன் பயணக் காப்பீடு செய்தல் விவேகம்.

கப்பலுக்கு மகனை அனுப்பும் பெற்றோரே, ஒப்பந்தத்தில் மருத்துவ உரிமை எழுதப்பட்டுள்ளதா எனப் படித்தறியுங்கள். செபமாலையோடு அவ்வறிவையும் அவனுக்குத் துணையாக அனுப்புங்கள்.