சுண்டெலி நாட்டின் வாயிற்காவல்

பிறநாடு சென்று மீள்வோர் ஆங்குள்ள மாளிகைகளையும் அருவிகளையும் பற்றி எழுதுதல் வழக்கம். நாமோ இங்கு ஒரு வாயிலைப் பற்றியே எழுதப் புகுகின்றோம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், கனடாவில் வாழும் அக்காவும் அத்தானும் அழைத்ததன் பேரில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு அண்மையிலுள்ள வோல்ற் டிஸ்னி உலகத்தைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று.

1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி திறக்கப்பட்ட இக்களியாட்டுலகிற்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. அதுவே கலிபோர்ணியாவின் அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்து. 1955ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி அதன் திறப்பு நாள். அழைப்புப் பெற்றோருக்கு மட்டுமே அனுமதி என்றிருக்க, கள்ளச் சீட்டுகள் மலிந்து, ஏறக்குறைய 28,000 பேர் உட்புகுந்தனராம். ஒருவர் வேலியில் ஏணி சார்த்தி, ஏறியவரிடமெல்லாம் காசு பெற்றார் என்றும் சொல்லப்படுகின்றது. இதனை வாசித்து நகைத்தோம். எமதூரிற் காணிவேல் நடந்த நாட்களில், கிடுகு வேலியின் கீழாய் நுழைந்த சிறுவரை நாமறிவோம். அவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒளிப்பதிற் பயனில்லை.

அத்தான் தமக்கென நான்கு நாட் சீட்டொன்று வாங்கியிருந்தார். இரண்டு நாட்கள் சென்றதும் வேலையிடத்திலிருந்து அவசர அழைப்பு வர, ரொறொன்ரோ திரும்ப வேண்டியவரானார். புறப்படுமுன் அவ்வட்டையை எமது கையில் வைத்து, “தம்பி, இதிலை இன்னும் இரண்டு நாள் கிடக்குது. காசு குடுத்து வாங்கினதுதானே, ஆர் போனால் என்ன? நீர் கொண்டு போம்” என்றார்.

அவர் சொல் நியாயமாகவே பட்டது. ஒரு நாட் சீட்டின் விலை 100 டொலருக்கு மேல். அந்நாளைய நாணய மாற்றில் அது எமது மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய அரைவாசி. மனைவிக்கும் பிள்ளைகள் இருவருக்கும் சீட்டு வாங்கிய பின் எமக்கென வாங்க மனம் ஒப்பவில்லை. கள்ளாமை என்னும் அதிகாரத்தை இருபது ஆண்டுகளாக வகுப்பிற் கற்பித்து வரும் நாம், அத்தானின் அட்டையைச் சட்டைப் பையிலிட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

பைகளைச் சோதித்த பின் நீர்நிலையொன்றைப் படகிற் கடந்தோம். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகேறுங்கால் உண்டாகும் ஆவல் பிள்ளைகளின் முகத்தில் இருந்தது. அக்கரையில் வாயில். அங்கே சீட்டை ஒரு தூணிலே தொடுவித்துவிட்டு, சுட்டுவிரலை ஒரு சிறு கருவியில் வைத்தல் வேண்டும். முதன்முறை வைக்கும்போது விரலின் சாயலை அக்கருவி ஓர் எண்ணாக மாற்றிச் சீட்டுடன் இணைத்துவிடுகின்றது. பின்னர் எத்தனை முறை வரினும் அவ்விரலே வருதல் வேண்டும். விரல் வைக்க விரும்பாதார் படமுள்ள அடையாள அட்டையைக் காட்டலாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விரற்சோதனை இல்லை. கலிபோர்ணியாவிலோ விரலுக்குப் பதிலாக முகத்தைப் படம்பிடித்துக்கொள்வர்.

எமக்கு முன் நின்ற ஒருவர் விரலை இருமுறை வைத்தும் பச்சை ஒளி எழவில்லை. பணிப்பெண் முகஞ்சுளிக்காது, பக்கத்து அலுவலகத்தைச் சுட்டிக்காட்டினார். உரத்த பேச்சில்லை, ஆயினும் வரிசை முழுவதும் அவரையே நோக்கிற்று. அப்போது பன்னிரண்டு வயதான எம் மகள் எமது கையைப் பார்த்து, “அப்பா, இது மாமாவின்ரை எல்லே?” என்று மெல்லக் கேட்டாள்.

நாம் வரிசையை விட்டு விலகினோம். படகில் மீண்டு, பணங்கொடுத்து ஒரு சீட்டு வாங்கி வந்தோம்.

விதியின் காரணத்தைப் பின்னரே எண்ணிப் பார்த்தோம். நாட்கள் கூடக் கூட, ஒரு நாளுக்குரிய விலை குறைகின்றது. அச்சலுகை, ஒருவரே பலநாள் வருவார் என்பதற்காகவே. நாலு பேர் நாளுக்கொருவராய்ப் பகிர்ந்தால் கணக்கே பிழைத்துவிடும். எஞ்சிய நாட்களைப் பிறருக்கு விற்பது புளோரிடாவிற் சட்டப்படி குற்றமுமாகும். தெருவோரத்தில் அவற்றை மலிவாக வாங்கி ஏமாறிய பயணிகளும் உளர்.

உள்ளே கடைகள் பல. பிரதான வீதியிலுள்ள பெருங்கடையில் பொம்மைகள் கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடக்கின்றன. காவலரைக் காணோமே என வியந்தோம். மக்களைப் போல உடுத்து மக்களோடு உலாவும் காவலரும் உளர் என அக்கா விளக்கினார். களவு செய்ததாகத் தக்க காரணத்துடன் ஐயுறப்படுபவரைப் பொலிசார் வருமளவும் நியாயமான நேரம் தடுத்துவைக்கக் கடைக்காரருக்கு அம்மாநிலச் சட்டம் இடமளிக்கின்றது. வழக்கோடு அது முடிவதில்லை. இனி இவ்வெல்லையுள் வரலாகாது என எச்சரிக்கப்பட்டவர் மீண்டும் வந்தால், அதுவே வேறொரு குற்றம். எட்டு வயது மகன் எலிச்செவித் தொப்பியொன்றை அணிந்தவாறே வாயிலை நோக்கி ஓடினான். விற்பனைப் பெண் சிரித்தபடி, “இதற்குக் காசு இங்கே கொடுக்கலாம், இளவரசரே” என்றார். சிறுவனுக்கு வெட்கமில்லை, எமக்கோ அன்று வெட்கம் இரண்டாம் முறை.

இரவில் மாளிகைக்கு மேல் வாணம் வெடித்தது. பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். நல்லூர்த் திருவிழாவில் எவரும் சீட்டின்றிப் புகுவதை எண்ணிக்கொண்டு நாம் நின்றோம்.

அத்தானின் அட்டை இன்றும் எம்மிடம் உண்டு. திருக்குறட் புத்தகத்தில் கள்ளாமை அதிகாரத்தின் பக்கத்தில் அதனை வைத்துள்ளோம். ஒருமுறை வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, “சேர், அந்த மிஷின் இல்லாட்டிப் போயிருப்பீங்களோ?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. போயிருப்போம் என்றே எண்ணுகின்றோம் என்று விடை கூறினோம். சிரிப்பு அடங்கிற்று. அன்று அவ்வதிகாரத்தைக் கேட்டது போல அவர்கள் என்றும் கேட்டதில்லை.