இருட்டில் படித்த நூல்கள்

நுழையும் முன்

பேயும் மாயமும் நிறைந்த கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். ஏன் விரும்புகிறோம் என்று எண்ணிப் பார்ப்பது அரிது. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் ஒருவர், தாம் அண்மையில் படித்த நூல்களைப் பற்றித் தம் கருத்துகளை இப்பாடத்தில் பகிர்ந்துகொள்கிறார்.

*

கடந்த ஆண்டு, கேரளத்தில் ‘இடவப்பாதி’ எனப்படும் பருவமழை தொடங்கிய வாரத்தில், என் அம்மா வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சலும் கண்டது. மருத்துவர்கள், “பொறுத்திருந்து பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார்கள். பன்னிரண்டு இரவுகள் நான் மருத்துவமனையில் அவர் கட்டிலுக்கு அருகில் ஒரு நாற்காலியில் கழித்தேன். நோயாளியுடன் துணைக்கு இருப்பவருக்கு இரவில் வேலை குறைவு, கவலை மிகுதி. எனவே நூல்களைக் கொண்டு சென்றேன்.

எனக்குச் சிறுவயது முதலே ஒருவகைக் கதைகளின்மீது தீராத விருப்பம் உண்டு. பேய், மந்திரம், நிழலுருவம், மறுவுலகம் ஆகியவற்றைக் கொண்டு அச்சத்தையும் துயரத்தையும் பேசும் கதைகள் அவை. இக்காலத்தார் அவற்றை ‘இருண்மை மிகுபுனைவு’ என்பர். என் தந்தையார் திருநெல்வேலியிலிருந்து இங்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதியவர். “பேய்க்கதை படித்தால் படிப்பு கெடும்” என்பது அவர் கருத்து. ஆயினும் பாளையத்தில் உள்ள மாநில மைய நூலகத்திற்கு என்னை முதன்முதலில் அழைத்துச் சென்றவரும் அவரே. 1829இல் தொடங்கப்பெற்ற அந்நூலகம் இந்தியாவின் பழைமையான பொது நூலகங்களுள் ஒன்று. அங்கிருந்தும் என் அலமாரியிலிருந்தும் எடுத்த ஆறு நூல்கள் அந்த இரவுகளில் என்னுடன் இருந்தன.

முதல் இரவிலேயே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மருந்து கொடுக்க வந்த செவிலியர் என் நூலின் அட்டையைப் பார்த்து, “பிரேதக் கதையோ?” என்று மலையாளத்தில் கேட்டார். அரைத்தூக்கத்தில் இருந்த அம்மா திடுக்கிட்டு விழித்தார். தமிழில் ‘பிரேதம்’ என்றால் உயிர் நீங்கிய உடல். மலையாளத்திலோ உடல் நீங்கிய ஆவி. மருத்துவமனையில் எந்தப் பொருளும் இனிப்பதில்லை. “கதைதான் அம்மா, உறங்குங்கள்” என்று சொல்லி, அன்று முதல் அட்டைகளுக்குச் செய்தித்தாளால் உறை போட்டுவிட்டேன்.

முதலில் படித்தது அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்னும் புதினம். கெட் என்ற இளைஞன் தன் மந்திர ஆற்றலைப் பெருமைக்காகக் காட்டப் போய், பெயரற்ற ஒரு நிழலை உலகில் அவிழ்த்து விடுகிறான். அந்நிழல் அவனைத் துரத்துகிறது. அவன் தீவு தீவாக ஓடுகிறான். ஒரு கட்டத்தில் ஓடுவதை நிறுத்தி, நிழலைத் தானே தேடிச் செல்கிறான். இறுதியில் அதற்கு அவன் சூட்டும் பெயர் அவனுடைய பெயரேதான். இடையில் வரும் கடற்பயணங்கள் சற்று நீளமானவை என்பது என் குறை. ஆனால் முடிவைப் படித்தபின் அந்நீளம் வீணன்று என்று உணர்ந்தேன். அவ்வளவு தூரம் ஓடிய பின்னரே ஒருவனுக்குத் திரும்பி நிற்கும் துணிவு வரும் போலும்.

அடுத்தது, கொட்டாரத்தில் சங்குண்ணி மலையாளத்தில் தொகுத்த ‘ஐதிஹ்யமாலை’. 1909 முதல் 1934 வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்த இத்தொகுப்பைக் கேரளத்தில் அறியாதவர் இலர். அதில் பத்மநாபபுரத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட காட்டு வழியில் பயணிகளை மறிக்கும் ஒரு யட்சி வருகிறாள். கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் அவளை மந்திரத்தால் அடக்குகிறார். சொல்லும் முறை மிக இனிது. எனினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அடக்கியவரின் பெருமையைக் கதை விரிவாகச் சொல்கிறது. அவள் ஏன் யட்சியானாள் என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை.

இங்கே நம் நீலியை நினைத்துக்கொண்டேன். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதையில், அவள் முதலில் பேயல்லள்; கணவனால் கொல்லப்பட்ட ஒரு மனைவி. அதே கதை தெற்கே வந்து நாகர்கோவில் பக்கத்தில் கள்ளியங்காட்டு நீலியாக வில்லுப்பாட்டில் ஒலிக்கிறது. அங்கிருந்து மேற்கே வந்து மலையாளத்து யட்சியாகவும் ஆகிவிட்டது. பிழைப்புக்காக ஊர் மாறிய நம் குடும்பங்களைப்போல், கதைகளும் ஊர் மாறியிருக்கின்றன. மொழி மாறினாலும் அநீதி இழைக்கப்பட்ட பெண்ணின் குரல் மறையவில்லை. பேய்க்கதை ஒன்றைப் படிக்கும்போது, ‘இந்தப் பேய்க்கு முதலில் என்ன தீங்கு நேர்ந்தது?’ என்று கேட்பது என் வழக்கம். விடை சொல்லும் கதையே எனக்கு நல்ல கதை.

ஐந்தாம் இரவில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை மீண்டும் படித்தேன். ஒரு எழுத்தாளரின் வீட்டுக்குப் பிச்சை கேட்டு வரும் பெண்ணை அவர் மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதன்பின் இரவுகள் மாறுகின்றன. வந்தவள் பேயா, உறக்கமின்றித் தவிக்கும் கணவனின் மனமே பேயா என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. பதினைந்து வயதில் இதைப் படித்தபோது, “முடிவே இல்லையே” என்று சினந்தேன். இப்போது அந்த முடிவின்மையே அதன் வலிமை என்று தோன்றுகிறது. “பொறுத்திருந்து பார்ப்போம்” என்ற சொல்லோடு நாள்களைக் கழித்துக்கொண்டிருந்த எனக்கு, விடை தெரியாத இரவு எத்தகையது என்பது விளங்கியது.

இன்னொன்றும் என் நினைவுக்கு வந்தது. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் திரைப்படப் பணிக்காகப் புனே சென்று, காசநோயுற்று, மனைவி கமலா வாழ்ந்த இதே திருவனந்தபுரத்திற்குத்தான் வந்தார். 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கேயே மறைந்தார். அவருக்கு வயது 42. இந்நகரில் வளரும் தமிழ்ப்பிள்ளைகள் பலருக்கு இச்செய்தி தெரியாது. எனக்கும் பள்ளி நாள்களில் தெரியாது. அதே ஜூன் மாத மழை அன்று சன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்தது.

நான்காவது நூலின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பக்கத்துக்குப் பக்கம் குருதி. எவர் இறந்தாலும் அடுத்த வரியில் எவரும் அழுவதில்லை. நாற்பது பக்கங்களோடு மூடி வைத்தேன். அச்சுறுத்துவது எளிது. இறந்தவனுக்கு ஒரு தாய் இருந்தாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அச்சுறுத்துவதே அரிது.

ஐந்தாவது நூல் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’. இதன் கருவை உருவாக்கியவர் சிவோன் டவுட் என்ற எழுத்தாளர். அதை எழுதி முடிக்குமுன்பே 2007இல் அவர் புற்றுநோயால் மறைந்தார். அக்கருவை வளர்த்து பேட்ரிக் நெஸ் எழுத, 2011இல் நூல் வெளியாயிற்று. கானர் என்ற சிறுவனின் தாய் நோயுற்றிருக்கிறாள். இரவில் ஒரு பெருமரம் பூத உருவம் கொண்டு அவனிடம் வருகிறது. “நான் மூன்று கதைகள் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும்” என்பது அதன் நிபந்தனை. பூதத்தைக் கண்டு கானர் அஞ்சவில்லை. தன் மனத்தில் ஒளித்து வைத்திருக்கும் உண்மையைக் கண்டே அஞ்சுகிறான். தாயின்மீது உயிரையே வைத்திருந்தும், ‘இந்த வேதனை எப்படியாவது முடிந்தால் போதும்’ என்று ஒரு கணம் எண்ணிவிட்டான். அதுவே அவன் உண்மை.

அப்பக்கத்தில் நூலை மூடிவிட்டேன். எட்டாம் இரவு, காய்ச்சல் இறங்காத நேரத்தில், அதே எண்ணம் எனக்கும் தோன்றியிருந்தது. அதை எவரிடமும் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஒரு கதை அதைச் சொன்னபோது, நான் கொடியவன் அல்லன், களைத்துப்போன ஒரு மகன் என்று அறிந்துகொண்டேன். சிறுவர்க்கான நூல் என்று இதனை ஒதுக்குவோர்க்கு நான் உடன்படேன்.

பத்தாம் இரவில் காய்ச்சல் தணிந்தது. அம்மா தெளிவாகப் பேசினார். “என்ன படிக்கிறாய்? எனக்கும் படித்துக் காட்டு, ராசா” என்றார். கையில் இருந்தது ஆறாவது நூல். சீத்தலைச் சாத்தனாரின் ‘மணிமேகலை’க்கு எழுதப்பட்ட ஓர் உரைநடைச் சுருக்கம். அறநூல் என்றும் பௌத்த காப்பியம் என்றும் மட்டுமே நாம் பாடத்தில் படிக்கும் அந்நூலில், தமிழின் மிக இருண்ட பக்கங்களும் உள்ளன. ஆறாம் காதையான ‘சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை’யைத்தான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன்.

புகார் நகரின் சுடுகாட்டை ஊர் என்று எண்ணி, சார்ங்கலன் என்னும் சிறுவன் இரவில் தனியே உள்ளே செல்கிறான். அங்கே ஒரு பேய்மகள் தலையொன்றைக் கையில் ஏந்தி ஆடுவதைக் காண்கிறான். அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, தாய் கோதமையின் முன் விழுந்து உயிர் விடுகிறான். இதுவரை படித்த நான் நிறுத்தினேன். மருத்துவமனையில் ஒரு தாய்க்கு இதைப் படிப்பதா? இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு, மணிமேகலையின் பயணத்திற்குத் தாவினேன்.

“ஏன் ராசா, கோதமை கேட்டதை விட்டுவிட்டாயே?” என்றார் அம்மா.

அவருடைய தந்தையார் இரவுதோறும் காப்பியக் கதைகளைச் சொல்வாராம். அம்மாவுக்குக் கதை முழுவதும் தெரிந்திருந்தது. வேறு வழியின்றிப் படித்தேன். கோதமை மகனின் உடலைத் தழுவிக்கொண்டு சம்பாபதி தெய்வத்தை அழைக்கிறாள். “என் உயிரை எடுத்துக்கொண்டு என் மகனுக்கு உயிர் கொடு” என்று வேண்டுகிறாள். தெய்வம் இயலாது என்கிறது. உயிருக்கு ஈடாக உயிர் கொடுக்கலாம் என்றால், மன்னர்களுக்காக உயிர் கொடுப்போர் எத்தனையோ பேர் இருக்க, இச்சுடுகாட்டில் மன்னர்களின் சமாதிகள் ஏன் இத்தனை இருக்கின்றன என்று வினவுகிறது. கோதமை விடவில்லை. எல்லாத் தேவர்களும் வந்து நின்று அதே விடையைச் சொன்ன பின்னரே அவள் அமைதி அடைகிறாள்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு மெதுவாக, “அவள் கேட்டதில் தவறில்லை. நானும் கேட்டேன்” என்றார்.

எனக்கு முன் ஓர் அண்ணன் பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் அவன் படம் இல்லை. எவரும் அவனைப் பற்றிப் பேசியதில்லை. அன்று இரவு அம்மா பேசினார். அவன் தாமிரபரணியில் குளிக்க அடம்பிடித்தது, மழலையில் ஆச்சியை அழைத்தது, அம்மன் கோயில் வாசலில் அம்மா அவனுக்காக அமர்ந்திருந்தது எல்லாம் சொன்னார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவன் பெயரை அவர் வாயால் முதன்முறையாகக் கேட்டேன். சொல்லி முடித்ததும் அமைதியாக உறங்கினார்.

இருண்ட கதைகளை ஏன் படிக்கிறாய் என்று எவரேனும் கேட்டால், முன்பெல்லாம் எனக்கு விடை தெரியாது. இப்போது அந்த இரவைச் சொல்கிறேன். கெட் தன் நிழலுக்குப் பெயர் சூட்டியதும், கானர் நான்காம் கதையைச் சொன்னதும், என் அம்மா கோதமையின் வழியாகப் பேசியதும் ஒன்றே என்று கருதுகிறேன். நேராகச் சொல்ல முடியாத துயரத்துக்கு ஒரு கதை இடம் கொடுக்கிறது.

அம்மா இப்போது கரமனையில் எங்கள் வீட்டில் கைத்தடியுடன் நடக்கிறார். நூல்களின் அட்டைகளுக்கு நான் உறை போடுவதில்லை. சென்ற வாரம் ‘காஞ்சனை’யைப் படித்துக் காட்டினேன். “வந்தவள் பேயேதான், அந்த ஆசிரியருக்குச் சொல்லப் பயம்” என்பது அம்மாவின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

*

சிந்தித்து எழுதுக

1. ‘பிரேதம்’ என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் எவ்வாறு பொருள் வேறுபடுகிறது? இவ்வாறு வேறுபடும் வேறு இரு சொற்களைக் கண்டறிக.
2. நான்காவது நூலை ஆசிரியர் ஏன் மூடி வைத்தார்?
3. கட்டுரையாசிரியர் இரண்டு பக்கங்களைத் தாண்டியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு பேய்க்கதையைக் கேட்டறிந்து, அது எந்த ஊரில் வழங்கியது என்பதுடன் தமிழில் எழுதி வருக.