கை நுழையும் கல்

மலாக்காவில் ஒரு கல்யாணம். திரும்பும்போது நெடுஞ்சாலை வேண்டாம், மஸ்ஜிட் தானா வழியாகப் போகலாம் என்றேன். "அந்த ரோட்டுல என்னடா இருக்கு? செம்பனைதான்," என்றார் அப்பா. செம்பனைதான் இருந்தது. லுபோக் சீனாவைத் தாண்டி நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்ததும், பெங்காலான் கெம்பாஸ் கற்களைப் பார்த்துவிடலாம் என்று காடியை ஓரம் கட்டினேன்.

புல்தரையில் நட்டுவைத்த கற்கள். பெரிய மூன்றுக்கு வாள், சுக்கான், கரண்டி என்று மலாயில் பெயர். வாளில் 'அல்லாஹ்' என்று செதுக்கியிருக்கிறது. கற்கள் வளர்வதாக ஒரு நம்பிக்கை. அதனால் 'பத்து ஹிடுப்', உயிருள்ள கல். பக்கத்திலேயே ஷேக் அகமது மஜ்னூனின் சமாதி. 1467இல், மலாக்காவை சுல்தான் மன்சூர் ஷா ஆண்டபோது இறந்தவர். கல்வெட்டு ஜாவி, காவி என இரண்டு எழுத்துகளில். காவி நம் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. ஓர் எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை என்றாலும் அந்த வளைவுகளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. (ஆசைதான், வேறென்ன.)

அப்பாவுக்குப் பிடித்தது வட்டத் துளையுள்ள கல். பொய் சொல்கிறவன் கையை விட்டால் துளை இறுகிக்கொள்ளுமாம். சொன்னதும் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே விட்டார்.

"கேளு."

"தோட்டத்த விட்டு நீங்களா வந்தீங்களா, போகச் சொன்னாங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். மரம் சீவப் பிடிக்காமல் சிரம்பானுக்கு ஃபேக்டரி வேலை தேடி வந்ததாகத்தான் அவர் எப்போதும் சொல்வார். அத்தை சொல்லும் கதை வேறு. அப்பா பேசாமல் கையை வெளியே எடுத்தார். "மழை வரும்போல. வா."

ரந்தாவ் பக்கம் வந்ததும் அவராகவே, "லெஃப்ட்ல போ," என்றார். செம்மண் பாதை. எண்பதுகளில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களில் அதுவும் ஒன்று. பெரட்டுக் களம் இல்லை, ஆயக்கொட்டாய் இல்லை, லயம் இல்லை. காலால் மட்டைகளை ஒதுக்கி ஒதுக்கி, உடைந்த சிமெண்டுத் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். "இதான் தண்ணிப் பைப்பு இருந்த எடம்." அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நோட்டீசு மலாயில வந்துச்சு. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அப்பப் பதினேழு வயசு, நாந்தான் படிச்சுக் காட்டுனேன். மூணு மாசத்துல காலி பண்ணணும்னு போட்டிருந்துச்சு. அவரு மூஞ்சியப் பாத்தேன். ஒரு வருசம்னு படிச்சிட்டேன்."

நான் ஒன்றும் கேட்கவில்லை.

"மறுநாளே வீட்டுக்குப் பின்னாடி மரவள்ளிக் குச்சி நட்டாருடா."